அறுபது கிலோ சேறு

கோபாலபுரம் எடைமேடையில் ராத்திரி வேலை.
மேடைக்கு அந்தப் பக்கம் கேரளம்.
இந்தப் பக்கம் நான், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
முதல் எண்பது பக்கம் கழன்றுபோன கணக்குப் புத்தகம்.
வெளிநாட்டு மேல்படிப்புக்கு ஒரு தேர்வு.
கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளம்;
கட்டியாகிவிட்டது, இனிப் பயப்படத்தான் வேண்டும்.

விகிதம் வந்தது, வட்டம் வந்தது.
திட்ட விலக்கம் மட்டும்
வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தது.
கூட்டு, சராசரி எடு, கழி, வர்க்கமாக்கு,
திரும்பக் கூட்டு, வகு,
வர்க்கமூலத்துக்குப் போய்ச் சேருமுன்
நேரம் முடிந்துவிடும்.
கேட்டதோ இவ்வளவுதான்:
இடது பட்டியலா, வலது பட்டியலா,
எது அதிகம் சிதறிக் கிடக்கிறது?

ஐப்பசி மழை மூன்று நாள் நிற்காமல்.
நாலாம் ராத்திரி தேங்காய் லோடு சுகுணன்
சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
"அறுபது கிலோ கூடுதலா, மோளே."
இருக்காது என்றேன்.
தக்காளி வண்டி திருமலைசாமியும் சொன்னார்:
"நமக்கும் அறுபதுங்க. சொல்லி வெச்ச மாதிரி."
அப்போதுதான் வண்டியில்லாத மேடையைப் பார்த்தேன்.
காலி மேடை சிவப்பு எழுத்தில்
அறுபது என்று காட்டிக்கொண்டிருந்தது.
டயர்கள் கொண்டுவந்து அப்பிய செம்மண்.
மூன்று நாளாகக் காட்டியிருக்கிறது.
நான் புத்தகத்துக்குள் இருந்திருக்கிறேன்.

பதிவேட்டை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன்.
அறுபது கழி. அறுபது கழி.
ஐந்தாவது வரியில் பேனா நின்றது.
சுகுணனுக்கும் திருமலைசாமிக்கும் நடுவே
அடிக்கும் முன்னும் நாலாயிரத்து இருநூறு,
அடித்த பின்னும் நாலாயிரத்து இருநூறு.
சராசரி அறுபது கிலோ கீழே இறங்கிற்று,
மொத்தக் கூட்டத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு.
விலக்கம் விலகவேயில்லை.

புத்தகத்தைப் பிரித்தேன். கேள்வி ஒன்பது:
ஒவ்வோர் எண்ணோடும் ஏழைக் கூட்டினால்?
அட, ஏழு கிலோ சேறு!
சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.
கேள்வி பத்து: இரண்டால் பெருக்கினால்?
அது சேறு இல்லை, மிஷின் கோளாறு.
ஒன்றை இரண்டாகப் படிக்கிற மிஷினில்
இடைவெளியும் இரண்டு மடங்கு.
பதினொன்று: சராசரிக்குச் சமமாக ஓர் எண் சேர்ந்தால்?
நட்டநடுவில் வந்து நிற்கிற வண்டி
சிதறலில் தன் பங்குக்கு ஒன்றும் போடாது,
வகுக்கும்போது மட்டும் ஓர் ஆளாக நிற்கும். குறையும்.
பேனா மூடியைத் திறக்கவில்லை.
மூன்றும் சரி.

சந்தோஷம் ஒரு டீ குடிக்கும் நேரம் இருந்தது.

முழு எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால்
அறுபதை அறுபது தின்றுவிடும், யாருக்கும் நஷ்டமில்லை.
ஆனால் மழைக்கு முன்னால் காலி எடை போட்டுவிட்டு
மழைக்குப் பின்னால் லோடோடு வந்தவர்கள்?
தேடினேன். ஐந்து சீட்டு.
ஐந்து பேரின் தேங்காயோடு
என் சேறும் எல்லை தாண்டி விலைபோயிருக்கிறது.

முதலாளிக்குப் போன் போட்டேன், மணி மூன்றரை.
"காலையில பாத்துக்கலாம், விடும்மா."
மண்வெட்டி எடுத்தேன்.
சுகுணன் லோடை ஓரங்கட்டிவிட்டு டார்ச் பிடித்தார்.
நாற்பது. முப்பத்தைந்து.
மூலையில் இறுகியதைக் கம்பியால் குத்த வேண்டியிருந்தது.
பத்து. ஐந்து.
பூஜ்யம் வந்தபோது விடிந்துவிட்டது,
என் சுடிதார் முழங்கால் வரை செம்மண்.

தேர்வு பத்தொன்பதாம் தேதி.
ஐந்து நம்பரையும் எழுதி வைத்துக்கொண்டு
முதலில் கொல்லங்கோட்டு வியாபாரியை அழைத்தேன்.
முழுவதும் கேட்டார், குறுக்கே பேசவில்லை.
பிறகு,
"அப்போ அந்தச் சேற்றுக்கு
நான் என்ன விலை கொடுத்தேன்?"

"தேங்காய் விலைதாங்க" என்றேன்.